ஒன்பதாம் கோடு

மார்ச் 4

அண்ணாவுக்கு,

பன்னிரண்டு வருடம் கழித்து எழுதுகிறேன். அலுவலக வேலையாகத்தான் எழுதுகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உறையில் என் கையெழுத்தைப் பார்த்து நீங்கள் வேறு எதையும் நினைத்துப் பதற வேண்டாம்.

நகராட்சி வரைபடப் பிரிவில்தான் இன்னும் இருக்கிறேன். ஆற்றோரச் சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள். அதற்கு முன்னால் கரையில் உள்ள கட்டடங்களில் எது சரித்திரம், எது வெறும் பழசு என்று பிரித்துக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. முப்பத்திரண்டு கட்டடங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள். எப்போது கட்டியது, யார் கட்டியது, அங்கே என்ன நடந்தது. ஒரு மாதத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். சுங்கக் கிடங்கின் வாசல் கல்லில் ஒரு வருடம் இருக்கிறது, பதிவறையில் பதினாறு வருடம் தள்ளி வேறொன்று. மணிக்கூண்டைத் தங்கள் தாத்தாதான் கட்டினார் என்று மூன்று குடும்பங்கள் சொல்கின்றன, மூன்றிடமும் ஆதாரம் இருக்கிறது. வீட்டுக்கு வரும்போது என் பெயரே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கடைசியாகப் படகுத்துறை அலுவலகத்துக்குப் போனேன். நாற்பத்தோரு வருடமாக அந்தப் படியில் நான் கால் வைத்ததில்லை. தாளில் இப்படி எழுதியிருக்கிறேன்: "வெள்ள நாளில் இங்கிருந்து புறப்பட்ட படகு பழைய பாலத்தின் தூணில் மோதிக் கவிழ்ந்து பதினோரு பேர் இறந்தனர். நீர்மட்டத்தைக் குறைத்து எழுதிப் படகை விட்டதாக மேற்பார்வையாளர் பணிநீக்கம் செய்யப்பட்டார்." அந்த மேற்பார்வையாளர் என் அப்பா என்று எழுத அதில் கட்டம் எதுவும் இல்லை.

விஷயம் இதுதான். சுவரில் பதித்த அளவுக்கல் உங்களுக்கு நினைவிருக்கும். பதினைந்து கோடுகள், கோட்டுக்குக் கோடு ஒரு சாண். தண்ணீர் பத்தாம் கோட்டைத் தாண்டினால் படகு விடக் கூடாது. பழைய வரைபடத்தில் அந்தப் பத்தாம் கோடு கீழ்க் கிடங்கின் வாசற்படிக்கு நேராக இருக்கிறது. நான் அளந்தபோது வாசற்படிக்கு நேராக இருப்பது ஏழாம் கோடு. மூன்று முறை அளந்தேன். வரைபடம் தப்பா, நான் தப்பா, கல் நகர்ந்ததா என்று ஒன்றும் புரியவில்லை.

விபத்து நடந்த வருடம் நீங்கள் அங்கே தற்காலிக எழுத்தராக இருந்தீர்கள். கல் கதவுக்கு எந்தப் பக்கம் இருந்தது, எந்த உயரத்தில் இருந்தது என்று மட்டும் எழுதினால் போதும்.

இப்படிக்கு,
தங்கை


மார்ச் 15

மசி,

மை படிந்த விரலோடு அலைந்ததால் உனக்கு வைத்த பெயர் இது. எனக்கு "நீங்கள்" போட்டுக் கடிதம் எழுதும் ஆளை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. உன் கடிதத்தில் இரண்டு "நீங்கள்", ஒரு "உங்களுக்கு" இருந்தன. எண்ணினேன். அத்தனை கோபமா?

கல் கதவுக்கு வலது பக்கம் இருந்தது. உயரம் தெரியாது. நான் அங்கே எட்டு மாதம் சீட்டுக் கிழித்தேன், கல்லை அளக்கவில்லை.

இங்கே நான் இன்னும் லிஃப்ட் பழுது பார்க்கிறேன். ஓய்வு கொடுத்துவிட்டு மறுநாளே கூப்பிட்டுக்கொண்டார்கள், பழைய மெஷின்களின் குணம் புதுப் பிள்ளைகளுக்குப் பிடிபடவில்லையாம். முழங்கால் மட்டும் மக்கர் செய்கிறது. உன் அண்ணி நன்றாக இருக்கிறாள், உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் எழுதாததற்காம்.

தாளில் இருப்பதை இருக்கிறபடி விட்டுவிடு. அந்தக் கட்டடத்தை இடித்தால் இடிக்கட்டும். கூரை ஒழுகுகிற, நின்றால் வழுக்குகிற இடம் அது.

அண்ணன்


ஏப்ரல் 2

அண்ணா,

நீ "வலது" என்று எழுதியதை வைத்துக்கொண்டு ஒரு வாரம் பைத்தியம் போல் சுற்றினேன். கல் இப்போது இடது பக்கம் இருக்கிறது. பக்கமே மாறிவிட்டதா என்று சுவரையெல்லாம் தட்டிப் பார்த்தேன். அப்புறம்தான் உறைத்தது. நான் ஆற்றைப் பார்த்த முகப்பை வெளியே நின்று வரைகிறவள், நீ உள்ளே உட்கார்ந்து சீட்டுக் கிழித்தவன். உன் வலது எனக்கு இடது. எங்கள் எஞ்சினியரிடம் சொன்னேன், அவர் சிரித்துச் சிரித்து இருமலில் போய் முடிந்தது.

சிரிப்பதற்கு எழுதவில்லை. ஒரு கோப்பு கிடைத்திருக்கிறது. பதிவறையில் "படித்துறைப் பழுது" என்று தலைப்பு, பாதியைக் கரையான் தின்றுவிட்டது. மீதியில் இப்படி இருக்கிறது: "படிகள் இடிந்தமையால் அளவுக்கல் பெயர்த்தெடுக்கப்பட்டு மீண்டும் பதிக்கப்பட்டது."

யோசித்துப் பார். பெயர்த்த கல்லைப் பழைய இடத்தைவிட மூன்று சாண் மேலே பதித்துவிட்டார்கள். கல் மேலே ஏறினால் தண்ணீர் குறைவாகத் தெரியும். பன்னிரண்டு இருக்கிற தண்ணீர் அந்தக் கல்லில் ஒன்பது காட்டும். அப்பா பதிவேட்டில் எழுதியது ஒன்பது. விசாரணையில் பாலத்துத் தூணின் அளவை வைத்துப் பன்னிரண்டு என்று நிரூபித்தார்கள். அதே மூன்று. அப்பா எழுதியது பொய் இல்லை. கல்தான் பொய் சொல்லியிருக்கிறது.

விசாரணை நாள் எனக்கு நினைவிருக்கிறது. பத்து வயது. அம்மா என்னை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். அப்பா எழுந்து நின்று, "நானே இறங்கிப் பாத்தேன். ஒன்பதுதான் இருந்துச்சு" என்றார். பின்னால் இருந்தவர்கள் காறித் துப்பினார்கள். அதற்கப்புறம் இருபத்தொன்பது வருடம் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கடைத்தெருவில் பொய்க்கணக்கு வாத்தியார் என்று முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டார்கள், அவர் திரும்பிப் பார்க்க மாட்டார்.

ஜூன் இரண்டாம் தேதி பட்டியலை இறுதி செய்யும் கூட்டம். இறந்தவர்களின் குடும்பங்களையும் அழைக்கிறார்கள். அங்கே இதைப் படிக்கப் போகிறேன். உனக்கும் சந்தோஷமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

மசி


ஏப்ரல் 9

மசி,

அந்தக் கல்லை வைத்து எதையும் கூட்டத்தில் படிக்காதே. கல் எப்போது நகர்ந்தது என்று கோப்பில் தேதி இருக்கிறதா? இல்லையென்றால் அதை விட்டுவிடு. காரணம் கேட்காதே.

அண்ணன்


மே 1

அண்ணா,

உன் நான்கு வரியை நாற்பது முறை படித்தேன்.

தேதி இல்லைதான், தேதி இருந்த பக்கத்தைத்தான் கரையான் தின்றிருக்கிறது. விசாரித்தேன். அந்தப் படகில் சுக்கான் பிடித்து உயிர் தப்பியவர், ஊரே சுக்கான் என்று கூப்பிடுகிற பெரியவர், பேருந்து நிலையத்தருகே சைக்கிள் ஸ்டாண்டு வைத்திருக்கிறார். விபத்துக்கு அடுத்த கோடையில்தான் படியையே கட்டினார்கள் என்று அடித்துச் சொல்கிறார். அப்படியானால் விபத்தன்று கல் சரியான இடத்தில் இருந்திருக்கிறது, அப்பா பொய்யர். படி கட்டிய கொத்தனாரின் மகளோ, விபத்துக்கு முன்னால் என்கிறாள். அவளுடைய நிச்சயதார்த்தத்துக்கு அவள் அப்பா கை முழுக்கச் சுண்ணாம்புப் புண்ணோடு வந்தாராம். நிச்சயதார்த்தம் எந்த வருடம் என்று கேட்டால், மாப்பிள்ளை அதற்கப்புறம் இரண்டு முறை மாறிவிட்டதால் எந்த நிச்சயதார்த்தம் என்று அவளுக்கே குழப்பம். எனக்குச் சிரிக்கவும் வரவில்லை, அழவும் வரவில்லை.

இந்த நேரத்தில் நீயும் "விட்டுவிடு" என்கிறாய். உனக்கு விடுவது சுலபம். இருபது வயதில் எங்களை விட்டாய். அப்பா படுக்கையில் கிடந்த ஏழு மாதமும் வரவில்லை. அவர் இறந்ததற்கும் வரவில்லை, உன் தந்திதான் வந்தது. அப்பா பெயரைச் சொல்லக் கூசித்தான் நீ வரவில்லை என்று அப்போது உனக்கு எழுதினேன், நீ மறுக்கவில்லை. இப்போது அவர் பெயரைத் துடைக்க ஒரு துணி கிடைத்திருக்கிறது, அதையும் கீழே போடச் சொல்கிறாய். அவர் குற்றவாளியாகவே இருந்தால்தான் நீ வராமல் இருந்தது நியாயமாகும், அதற்காகவா?

படிக்கத்தான் போகிறேன்.

மசி


மே 12

மசி,

இந்தக் கடிதத்தை நான்கு முறை தொடங்கிக் கிழித்தேன். இப்போது உன் அண்ணி எதிரில் உட்கார்ந்திருக்கிறாள், முடிக்காமல் எழுந்திருக்கக் கூடாது என்று உத்தரவு. அவளுக்கே நேற்றுத்தான் சொன்னேன்.

அப்பா அன்றைக்குக் கல்லைப் பார்க்கவில்லை.

காலை ஏழு மணி. கரையில் அறுபது எழுபது பேர் நின்றார்கள். இரண்டு நாளாகப் படகு ஒழுங்காக ஓடாததால் எல்லோரும் அக்கரைக்குப் போகத் துடித்தார்கள், கதவைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அப்பா இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து, "கீழ இறங்கிக் கல்லைப் பாத்துட்டு வா" என்றார். நான் பின்பக்கமாக இறங்கினேன். மழை கொட்டியது. படி முழுக்கச் சேறு. அதற்கு முந்தின நாள்தான் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ வாங்கியிருந்தேன், என் சொந்தக் காசில் வாங்கிய முதல் பொருள். நான்கு படி இறங்கி, கூரைக்கு அடியில் நின்றுவிட்டேன். அங்கிருந்து கல் தெரியாது. முந்தின நாள் மாலை எட்டு பார்த்திருந்தேன். ராத்திரி பெய்த மழைக்கு ஒரு கோடு ஏறியிருக்கும் என்று மனதுக்குள் கூட்டினேன். மேலே வந்து "ஒன்பதுப்பா" என்றேன். அப்பா எழுதினார், கையெழுத்துப் போட்டார், கதவைத் திறந்தார்.

ஷூ நனையக் கூடாது என்றுதான், மசி. அதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்திருக்கக் கூடாதா என்று எத்தனையோ தடவை தேடியிருக்கிறேன். இல்லை.

விசாரணையில் "நானே இறங்கிப் பாத்தேன்" என்று அவர் சொன்னபோது நான் இரண்டாவது வரிசையில் இருந்தேன். எழுந்து நிற்க வேண்டும் என்று முழங்காலுக்குச் சொன்னேன், அது கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தபிறகு அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் போகவில்லை என்று அவருக்குத் தெரியுமா, அல்லது நான் பார்த்துச் சொன்னதாகவே நம்பி என்னைக் காப்பாற்றினாரா? இன்றுவரை தெரியாது. அவர் சாப்பிடும்போது எதிரில் உட்கார முடியவில்லை. அதனால்தான் கிளம்பினேன். அவர் பெயரைச் சொல்ல நான் கூசியதே இல்லை. அவர் முகத்தைப் பார்க்கத்தான் கூசினேன், படுத்த முகமாக இருந்தாலும்.

இப்போது நீ கல்லின் மேல் பழியைப் போட்டு அவரை மீட்கப் பார்க்கிறாய். யாருமே பார்க்காத கல் அது. பார்க்காத கல் எப்படிப் பொய் சொல்லும்? அதனால்தான் வேண்டாம் என்றேன்.

கூட்டத்தில் எதையாவது படிப்பதென்றால் இந்தக் கடிதத்தைப் படி.

அண்ணன்


ஜூன் 4

அண்ணா,

உன் கடிதம் வந்து மூன்று நாள் நான் அலுவலகம் போகவில்லை. உன்மேல் கோபமா, பாவமா, அப்பாமேல் கோபமா என்று பிரிக்க முடியவில்லை. நாலாம் நாள் எஞ்சினியர் வீட்டுக்கே வந்துவிட்டார். கல்லைச் சுற்றிப் பூச்சு உப்பியிருப்பதால் தட்டி எடுக்கப் போகிறோம், நீ பக்கத்தில் இருந்து வரைய வேண்டும் என்றார். போனேன்.

பூச்சைத் தட்டி, கல்லை ஒரு சாண் முன்னால் இழுத்தார்கள். பின்னால் இருந்த சுண்ணாம்பு ஈரமாக இருந்தபோதே யாரோ அதில் ஆணியால் கீறியிருக்கிறார்கள். கொத்தனாரின் அடையாளம், கீழே மாதமும் வருடமும். விபத்துக்கு இரண்டு மாதம் முன்னால். எஞ்சினியர் விளக்கைப் பிடித்தார், நான் விரலால் தடவிப் பார்த்தேன், இரண்டு பேரும் உரக்கப் படித்தோம். சுக்கான் சொன்ன அடுத்த கோடை வேலை பக்கத்து மேடைக்காம், கோப்பின் வேறு மூலையில் அதுவும் இருந்தது.

அப்படியென்றால், அண்ணா, நான் அங்கேயே படியில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பாலத்துத் தூணில் அன்று காலை ஏழு மணிக்குப் பன்னிரண்டு. கல் மூன்று குறைத்துக் காட்டும். நீ முழுக்க இறங்கி, ஷூவை நாசம் செய்துகொண்டு, கல்லுக்கு எதிரில் நின்று பார்த்திருந்தாலும் ஒன்பதுதான் பார்த்திருப்பாய். மேலே வந்து அதே "ஒன்பதுப்பா" தான் சொல்லியிருப்பாய்.

இதை உனக்கு எந்தக் குரலில் சொல்வது என்று தெரியாமல்தான் கூட்டம் முடியும்வரை எழுதவில்லை.

முந்தாநாள் கூட்டம். எல்லாவற்றையும் படித்தேன், உன் கடிதத்தையும். ஷூ வரும் இடத்தில் தாளை எஞ்சினியரிடம் நீட்டினேன், மீதியை அவர் படித்தார். பிறகு சுக்கான் எழுந்தார். "நாப்பது வருஷமா யாரும் என்னைக் கேக்கல. ஆத்துல நின்னது நான்தானே. தண்ணி வர்ற வேகத்தைப் பாத்தா எனக்கே தெரிஞ்சிருக்கணும். ஆபீஸ்ல ஒன்பதுன்னாங்க, சரின்னு கிளம்பிட்டேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

கட்டடம் நிற்கிறது, சாலையைக் கொஞ்சம் வளைத்துக்கொள்வதாக முடிவு. "குறைத்து எழுதி" என்பதை நீக்கிவிட்டு, "கல் தவறாகப் பதிக்கப்பட்டிருந்ததால் நீர்மட்டம் குறைவாகக் காட்டியது" என்று தாளில் மாற்ற ஒப்புக்கொண்டார்கள். அப்பாவின் பெயர் துடைத்தாயிற்று. நான் இதற்குத்தானே ஆசைப்பட்டேன்? வெளியே வந்தபோது நெஞ்சு லேசாகவே இல்லை.

காரணம் ஒருவர். நூலகத்துக்கு எதிரில் தையல் கடை வைத்திருக்கிறாரே, அந்த அம்மா. கணவர் அந்தப் படகில் போனவர், கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத சமயம். கூட்டம் முடிந்ததும் வாசலில் என்னைக் கூப்பிட்டார்.

"அப்ப எங்க வீட்டுக்காரரு யாரால செத்தாரு?"

நான் கொத்தனார் என்றேன். உடனே, பாவம், யாரோ அளவு குறித்துக் கொடுத்தபடி அவர் பதித்தாரோ என்னமோ என்றும் சொன்னேன். அளவு குறித்தது யார் என்று கோப்பில் இல்லை என்றேன். அவர் கேட்டுக்கொண்டே நின்றார்.

"நாப்பது வருஷமா உங்கப்பாவத் திட்டுவேன். ராத்திரி படுக்கும்போது, காலைல கடையத் தெறக்கும்போது. அது ஒரு பிடிப்பா இருந்துச்சு. இப்ப யாருமில்லேங்கற. நான் யாரைத் திட்டறது?"

கோபமாகச் சொல்லவில்லை. வழி கேட்பது போல் கேட்டார். கையைப் பிடித்தேன். உருவிக்கொள்ளவும் இல்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.

அப்பாவுக்கு நல்லது செய்தேனா, அந்த அம்மாவுக்குக் கெடுதல் செய்தேனா, உனக்கு என்ன செய்தேன் என்று எதுவும் விளங்கவில்லை. நீ ஏதாவது எழுது.

மசி


ஜூன் 13

மசி,

உன் கடிதம் கைக்கு வந்தபோது ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் வேலையாக இருந்தேன். படித்துவிட்டு எட்டாம் மாடியில் லிஃப்டை நிறுத்தி, உள்ளேயே உட்கார்ந்துவிட்டேன். வெளியே ஆட்கள் கதவைத் தட்டினார்கள். பழுது என்று சொல்லிவிட்டேன். பொய்யில்லை.

சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிகிறது. வரவில்லை. போயிருந்தாலும் ஒன்பதுதான் என்கிறாய். சரி. ஆனால் நான் போகவில்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒன்று மற்றதை அழிக்கும் என்று பார்த்தால், இரண்டும் பேசாமல் உட்கார்ந்திருக்கின்றன. குற்றவாளியாக இருந்து பழகிவிட்டேன். அது இல்லையென்றால் இத்தனை வருடம் அம்மாவையும் உன்னையும் விட்டு இங்கே எதற்கு இருந்தேன்? அப்பாவின் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கலாமே. உன் அண்ணியிடம் கேட்டேன். "அதை இங்க உக்காந்து கேட்டா யாரு சொல்லுவா?" என்றாள்.

வெள்ளிக்கிழமை மதிய ரயிலில் வருகிறோம். நீ ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், நேராகத் தையல் கடைக்கு வா. அந்த அம்மாவிடம் சொல்ல என்னிடமும் பதில் இல்லை. கேட்ட கேள்விக்கு எதிரில் ஒரு ஆளாவது நிற்க வேண்டும் அல்லவா, அதற்கு வருகிறேன். எவ்வளவு நேரம் திட்ட வேண்டுமோ திட்டட்டும். நான் எழுந்து நிற்கிறேன்.

அண்ணன்